அப்பாயி வீடு குழு: சனிக்கிழமை கொல்லிமலை

*வியாழன்*

*தினேஷ், இரவு 8:04*
எல்லாரும் பாருங்க, பிளான் ரெடி. காலைல 5க்கு துறையூர்ல கிளம்புறோம். சீக்குப்பாறை வியூ பாயிண்ட், வாசலூர்பட்டி போட்டிங், தாவரவியல் பூங்கா, எட்டுக்கை அம்மன், மாசிலா அருவி, நம்ம அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை. ராத்திரி 8க்கு வீட்ல இருப்போம்

*சரண்யா, இரவு 8:06*
போட்டிங் கட்டாயம்!!

*வசந்தி அத்தை, இரவு 8:11*
தினேஷு, இதுல பாதிக்கு மேல எடுத்துடுப்பா. ஆகாய கங்கைக்கு மட்டுமே அரை நாள் வேணும்

*தினேஷ், இரவு 8:12*
அருவி பாக்க ஒரு மணி நேரம் போதாதா அத்தை? குளிக்க இன்னொரு அரை மணி வெச்சுக்கலாம்

*வசந்தி அத்தை, இரவு 8:25*
போதாது. போன தடவை நாங்களும் இப்படித்தான் நினைச்சோம். மூணு மணிக்கு மேலதான் இறங்கவே ஆரம்பிச்சோம். ஆயிரம் படிக்கு மேல இருக்கு. இறங்குறப்போ பேசிக்கிட்டே போயிடலாம், ஒண்ணும் தெரியாது. ஆனா படி எல்லாம் ஒரே உயரம் கிடையாது. ஒண்ணு முழங்கால் வரைக்கும் வரும், அடுத்தது நாலு விரல் உயரம்தான் இருக்கும். கால் எதுக்குன்னு பழகும்? பாதி தூரத்துலயே சத்தம் கேட்க ஆரம்பிச்சிடும், அருவி கண்ணுக்குத் தெரியாது. கீழ போகப் போக என் கண்ணாடி பூரா சாரல். கழட்டி முந்தானையில துடைச்சு மாட்டிப் பாத்தா எதிர்ல 300 அடிக்கு நிக்குது தண்ணி. அப்படியே நின்னுட்டேன்

*வசந்தி அத்தை, இரவு 8:29*
திரும்பி ஏறுறதுதான் கஷ்டம். சரண்யா நாப்பது படிக்கு ஒரு தடவை உக்காந்தா. மேல வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. ஒரு கையில கம்பியும் இன்னொரு கையில போன் டார்ச்சுமா ஏறினோம். மழை ஈரம் வேற. அந்த இருட்டுல மறுபடி நம்ம வீட்டுப் புள்ளைங்களை ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன்

*சரண்யா, இரவு 8:30*
அம்மா சொல்றது நிஜம். எனக்கு வலி அன்னைக்கு இல்ல, மறுநாள் காலைல தொடையில வந்துச்சு. வீட்டுப் படியில பின்பக்கமா இறங்கினேன்

*நித்யா, இரவு 8:34*
அது இறங்கினதோட வலிடி. இறங்குறப்போ தொடைத் தசை நீண்டுக்கிட்டே நம்ம எடையைத் தாங்குது, அதனால ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் நல்லா தெரியும். அதுக்காக நின்னு நின்னு இறங்கணும், ஓடக்கூடாது. சின்னப் பசங்ககிட்ட முதல்லயே சொல்லி வைங்க

*பெரியப்பா, இரவு 8:41*
வசந்தி சொல்றபடியே செய்யலாம். முதல்ல அறப்பளீஸ்வரர், அடுத்து அருவி. காலைல 10 மணிக்குள்ள படியில கால் வைக்கணும். மத்ததெல்லாம் நேரம் இருந்தா

*தினேஷ், இரவு 8:43*
சரிப்பா. அப்ப போட்டிங்?

*பெரியப்பா, இரவு 8:43*
இன்னொரு நாள் போலாம்

*பெரியப்பா, இரவு 8:52*
வண்டி விஷயம் கேட்டுக்க தினேஷ். காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டிருப்பாங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, எதிர்ல இறங்குறவன்தான் நின்னு வழி விடணும். சாயங்காலம் நாம இறங்குறப்போ இதை மறந்துடாதே. இறங்குறப்போ ரெண்டாவது கியர், ரொம்பச் சரிவா இருந்தா முதல் கியர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிடும். வளைவுக்கு முன்னாடி ஹாரன், வளைவுல ஓவர்டேக் கூடவே கூடாது

*மதி அண்ணி, இரவு 8:55*
70 வளைவா? எனக்கு ஏற்காடு போனப்பவே வாந்தி

*நித்யா, இரவு 8:57*
அண்ணி நீங்க முன் சீட். போனைப் பாக்காதீங்க, தூரமா ரோட்டைப் பாருங்க. காலைல வயிறு நிறைய சாப்பிடாம ரெண்டு இட்லியோட நிறுத்துங்க. டாக்டர் குடுத்த மாத்திரையைக் கிளம்பும் முன்னாடியே போட்டுடுங்க, பாதி மலையில போட்டுப் பிரயோஜனம் இல்ல

*அப்பா, இரவு 9:02*
ஸ்வெட்டர் எடுங்க. 1000 மீட்டருக்கு மேல இருக்கிற ஊரு. இங்க விட அஞ்சாறு டிகிரி கம்மியா இருக்கும். தை மாசக் காத்து வேற

*வசந்தி அத்தை, இரவு 9:05*
தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் கவர்ல எதுவும் கட்டாதீங்க, கவர் கையில இருந்தா குரங்கு விடாது. செருப்பு வேணாம், பிடிப்பு உள்ள ஷூ

*அப்பாயி, இரவு 9:14*
(நித்யா டைப் பண்றேன், அப்பாயி பக்கத்துல இருந்து சொல்றாங்க)
என்னைக் கேக்காமலே எல்லாம் முடிவு பண்ணிட்டீங்களா? நானும் படி இறங்குவேன்

*பெரியப்பா, இரவு 9:15*
அம்மா, முழங்கால் ஊசி போட்டு ரெண்டு மாசம்தான் ஆகுது

*அப்பாயி, இரவு 9:19*
கல்யாணத்துக்கு முன்னாடி புளியஞ்சோலையில இருந்து நடந்தே மலை ஏறி அறப்பளீஸ்வரரைப் பாத்தவ நான். ரோடு ஏதுடா அப்ப எங்களுக்கு? விடியறதுக்கு முன்னாடி எங்க அப்பன் தீப்பந்தம் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போவாரு. கட்டுச்சோறு என் தலையில. ஆத்தை எத்தனை தடவை தாண்டினோம்னு எண்ணிக்கிட்டே வருவேன், பாதியில விட்டுப்போயிடும்

*நித்யா, இரவு 9:20*
அப்பாயி இதைச் சொல்றப்போ கையைத் தலைக்கு மேல தூக்கி மூட்டையைப் பிடிக்கிற மாதிரி காட்டுறாங்க

*வசந்தி அத்தை, இரவு 9:28*
அம்மா, நீ வரவேணாம்னு யாரும் சொல்லல. நீ இல்லாம அந்த மலைக்கு நான் போகவே மாட்டேன். படி மட்டும் வேணாம். இறங்கிடுவே, ஏறுறப்போ நடுவுல முழங்கால் பிடிச்சிக்கிட்டா உன்னைத் தூக்கிட்டு வர அங்க வண்டி வராது, ஒரு ஆளு முதுகுதான் வரணும்

*அப்பாயி, இரவு 9:30*
அப்ப நான் மேல உக்காந்து என்ன பண்றது? தண்ணியில கால் நனைக்காம வரவா?

*அப்பா, இரவு 9:36*
அம்மா, அந்த அருவித் தண்ணி எங்கிருந்து வருது? அய்யாறு. அது கோயிலை ஒட்டித்தான் ஓடுது. கோயிலைத் தாண்டிப் போய்த்தான் ஆகாய கங்கையா விழுது. நாங்க கீழ நின்னு குளிக்கிற தண்ணி முதல்ல உன் காலைத் தொட்டுட்டுதான் எங்ககிட்ட வரும்

*நித்யா, இரவு 9:38*
அப்பாயி பேசல. யோசிக்கிறாங்க

*அப்பாயி, இரவு 9:41*
புளியஞ்சோலைக்கு வர்றதும் அதே தண்ணிதானே

*அப்பா, இரவு 9:41*
அதே அய்யாறுதான்

*அப்பாயி, இரவு 9:44*
சரி. நான் கோயில்ல இருக்கேன். மீனுக்குப் பொரி எடுத்துக்குங்க. அறுத்த மீனு மறுபடி ஒட்டிக்கிட்டு நீந்திப் போன ஊரு அது. சோளக்காட்டுல சாமையும் மிளகும் வாங்கணும், மறந்துடாதீங்க

*மதி அண்ணி, இரவு 9:50*
பாப்பா கேக்குறா, அங்க ராஜா இருந்தாராமே?

*அப்பா, இரவு 9:58*
வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்ல ஒருத்தர். கொல்லிமலை அவரோடது. ஒரே அம்பு யானையைத் துளைச்சு, புலி, மான், பன்றியைத் தாண்டி, கடைசியில புத்துல இருந்த உடும்புல போய்க் குத்தி நின்னுச்சாம். சங்கப் பாட்டுல இருக்கு. செம்மேட்டுல அவர் சிலை இருக்கு, பாப்பாவை அங்க இறக்கிக் காட்டுறேன். ஆடிப்பெருக்கை ஒட்டி அங்க வருஷா வருஷம் அவருக்கு விழா எடுக்குறாங்க

*வெள்ளி*

*தினேஷ், மாலை 6:20*
புது பிளான்: சோளக்காடு, செம்மேடு ஓரி சிலை, அறப்பளீஸ்வரர், ஆகாய கங்கை. 2 மணிக்கு எல்லாரும் மேல வந்துடணும். தெம்பு இருக்கிறவங்களுக்கு மாசிலா அருவி, அது சின்னது. இருட்டுறதுக்குள்ள மலை இறங்கிடணும். அவ்வளவுதான். மேல மழை பெய்ஞ்சு வனத்துறை அருவியை மூடிட்டா, கோயிலோட திரும்பிடலாம், யாரும் கெஞ்சக்கூடாது

*வசந்தி அத்தை, மாலை 6:22*
இப்பதான் நிம்மதியா இருக்கு தம்பி

*சனி*

*மதி அண்ணி, காலை 7:48*
40ஆவது வளைவு. இதுவரைக்கும் ஒண்ணுமில்ல!

*சரண்யா, காலை 8:31*
(படம்) சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி சுத்திக்கிட்டு நிக்குது. ஒரு வீட்டு வாசல்ல மிளகு காயப்போட்டிருக்காங்க. பாதி பச்சை, பாதி கருப்பு. அந்தம்மா ஒரு பிடி அள்ளி மோந்து பாருன்னு குடுத்தாங்க. கையைக் கழுவ மனசே வரல

*நித்யா, மதியம் 2:40*
சிக்னல் இப்பதான் வந்துச்சு. எல்லாரும் மேல வந்தாச்சு. அண்ணன்தான் கடைசி, பாப்பாவைக் கடைசி 200 படி தோள்ல தூக்கிட்டு வந்தான். தண்ணி அளவா விழுந்துச்சு, எல்லாரும் குளிச்சோம். அத்தை இன்னைக்கும் கண்ணாடியைத் துடைச்சிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க

*தினேஷ், மதியம் 2:44*
அத்தை, மாசிலா வேணாம். என் கால் நடுங்குது. நீங்க சொன்னதைக் கேட்டதால வெளிச்சத்துலயே வந்து சேர்ந்தோம்

*பெரியப்பா, மதியம் 2:51*
(படம்) அம்மா 11 மணியில இருந்து இப்படியே உக்காந்திருக்காங்க. புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கிட்டு ரெண்டு காலையும் ஆத்துல போட்டுட்டாங்க. பொரி தீந்துடுச்சு, மீனு இன்னும் காலைச் சுத்தி நிக்குது. ரெண்டு தடவை கூப்பிட்டேன், எந்திரிக்கல

*அப்பாயி, மதியம் 2:55*
(பெரியப்பா போன்ல இருந்து)
நீங்க குளிச்சப்போ தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சா? நான் இவ்வளவு நேரம் கால் வெச்சிருந்தேனே

*வசந்தி அத்தை, மதியம் 2:56*
சில்லுனுதான் இருந்துச்சும்மா. அங்கயே இரு, நாங்களும் வந்து உன் பக்கத்துல கால் வைக்கிறோம்