ட்ரிக்கர் போட்டும் தாயில்லாத வரிகள் (ரோ) வருவது ஏன்? (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்)

கேள்வி

உதிரிபாகக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள், போஸ்ட்கிரெஸ் 14. ஸ்கேன் செய்த சலான், ரசீதெல்லாம் 'கோப்புகள்' டேபிளில். ஒவ்வொரு கோப்பும் 'விற்பனை' அல்லது 'கொள்முதல்' டேபிளின் ஒரு வரியை (ரோ) சேர்ந்தது; அதுதான் அதன் தாய் வரி. எது என்பதை 'வகை' என்ற புலம் சொல்லும். ஒரே எண் இரண்டு டேபிள்களில் ஒன்றைச் சுட்டுவதால் ஃபாரின் கீ (சுட்டும் வரி இருந்தே ஆக வேண்டும் என்ற டேட்டாபேஸ் விதி) போட வழியில்லை. அதனால் இரண்டு ட்ரிக்கர் (சேர்த்தல், அழித்தலின்போது தானாக ஓடும் நிரல்): கோப்பு சேரும்போது தாய் வரி இருக்கிறதா என்று பார்க்கும்; தாய் வரியை அழிக்கும்போது கோப்பு மிச்சமிருந்தால் தடுக்கும். தனியாகச் சோதித்தால் பிசகே இல்லை. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது மட்டும் தாயில்லாத கோப்புகள் வருகின்றன. எங்கே ஓட்டை?

பதில் 1

உங்கள் விதி சரி, நேரம்தான் இடிக்கிறது. ஒருவர் 501-ஆம் விற்பனைக்குக் கோப்பு சேர்க்கிறார். ட்ரிக்கர் பார்க்கிறது, 501 இருக்கிறது. இன்னும் கமிட் ஆகவில்லை (மாற்றம் உறுதியாகவில்லை). அதற்குள் இன்னொருவர் 501-ஐ அழிக்கிறார். கமிட் ஆகாத கோப்பு அவருடைய ட்ரிக்கரின் கண்ணில் படாது. இரண்டு ட்ரிக்கரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் கோப்பு அநாதை.

சேர்க்கும் ட்ரிக்கரில் உள்ள செலக்டின் கடைசியில் 'ஃபார் கீ ஷேர்' சேருங்கள். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி: கமிட் ஆகும் வரை அந்த வரியை யாரும் அழிக்க முடியாது. 'ஃபார் அப்டேட்' போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் ஒரே பில்லுக்குக் கோப்பு சேர்ப்பவர்கள் ஒருவருக்காக ஒருவர் வீணாகக் காத்திருப்பார்கள்.

அப்புறம், அழிக்கும் ட்ரிக்கரின் ஃபங்ஷனை யாராவது 'வேகமாக ஓடட்டும்' என்று 'ஸ்டேபிள்' (ஒரு கட்டளைக்குள் விடை மாறாது என்ற அறிவிப்பு) ஆக்கியிருக்கிறார்களா பாருங்கள். அப்படியானால் பூட்டுக்காகக் காத்திருந்து எழுந்த பிறகும் அது பழைய ஸ்னாப்ஷாட்டையே (கட்டளை தொடங்கியபோது இருந்த தரவின் நிலையையே) பார்க்கும். 'வாலடைல்' (உள்ளே ஓடும் ஒவ்வொரு கட்டளைக்கும் புது ஸ்னாப்ஷாட்) ஆகவே இருக்கட்டும். ரிப்பீட்டபிள் ரீட் அளவில் (டிரான்ஸாக்‌ஷன் முழுக்க ஒரே ஸ்னாப்ஷாட்) ஓட்டினால் வாலடைலும் காப்பாற்றாது.

போஸ்ட்கிரெஸின் ஃபாரின் கீயும் உள்ளே ட்ரிக்கர்தான், இதே பூட்டைத்தான் போடுகிறது. ரிப்பீட்டபிள் ரீட் சிக்கலுக்கு மட்டும் அதனிடம் தனி ஏற்பாடு உண்டு. நம் கையால் எழுதும் ட்ரிக்கருக்கு அது கிடைக்காது. போதாததற்கு 'ட்ரன்கேட்' (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை) கொடுத்தால் உங்கள் டெலீட் ட்ரிக்கர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. தாயின் எண்ணை, கோப்பின் வகையை அப்டேட் செய்யும் வழிகளையும் அடைத்தீர்களா?

பதில் 2

இவ்வளவு பாடு எதற்கு? 'விற்பனை_எண்', 'கொள்முதல்_எண்' என்று இரண்டு புலம் வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி ஃபாரின் கீ. இரண்டில் சரியாக ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு செக் (நிபந்தனை). எத்தனை புலம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணும் 'நம்_நான்நல்ஸ்' ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸ் 9.6-லிருந்தே இருக்கிறது. இரண்டு புலத்துக்கும் இண்டெக்ஸ் போட மறக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் தானாகப் போடாது, தாய் வரியை அழிக்கும்போது இழுக்கும்.

கேட்டவர்

நன்றி. நாளை 'சரக்குத் திருப்பம்' என்று மூன்றாவது வகை வந்தால்?

பதில் 1

இன்னொரு புலம், இன்னொரு ஃபாரின் கீ, செக்கில் ஒரு பெயர் கூடுதல். மூன்று நான்கு வரை இதுவே மேல். பத்து வகை வந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு 'ஆவணம்' தாய் டேபிளை யோசிக்கலாம். இப்போதைக்கு ஃபாரின் கீயை 'நாட் வேலிட்' (பழைய வரிகளைச் சோதிக்காதே) என்று சேருங்கள், புது அநாதைகள் அன்றே நிற்கும். பழையதை நிதானமாகக் களைந்துவிட்டு 'வேலிடேட்' கொடுங்கள்.