ஆறு வருடம் வெறுமையாக விட்ட கடைவாய்ப்பல்

“பல்லைப் பிடுங்கியாயிற்று, நோவும் இல்லை, அப்படியே விட்டால் என்ன?” என்று போன கிழமை ஒரு தங்கை கேட்டிருந்தார். நானும் அப்படியே விட்டவன்.

கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது எனக்கு 46 வயது. புண் ஆறிவிடும் என்றார்கள், ஆறியது. உள்ளே எலும்பு கரையும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குண்டு. ஆறு வருடத்தின் பின் மட்டக்களப்பில் படம் எடுத்துப் பார்த்தால், எலும்பு ஒடுங்கிப் போயிருந்தது. பக்கத்துப் பல் இடைவெளிக்குள் சாய்ந்திருந்தது, மேற்பல் கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கியிருந்தது. வேர் இருந்து கடியின் அழுத்தத்தைக் கொடுக்கும் வரைதான் அங்கே எலும்புக்கு வேலையாம். எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதற்கு முன், எனக்கு முதலில் எலும்புத் தூள் வைத்து, அது இறுகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீனி வருத்தம் இருப்பதால் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகுதான் வைத்தியர் நாள் குறித்தார். வெற்றிலை, புகையிலையையும் விடச் சொன்னார். அம்மா உரலில் இடித்துத் தந்த வெற்றிலையோடு வளர்ந்தவன் நான். எனக்கு ஊசியைவிட அதுதான் கடினம்.

முரசை (பல் ஈறை) விறைக்க வைத்துத்தான் எலும்பைத் துளைத்தார்கள். அதிர்வு தெரிந்தது, நோகவில்லை. இடைவிடாமல் உப்புநீர் விட்டார்கள். எலும்பு 47 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி ஒரு நிமிடம் நின்றாலே சேதப்படுமாம். உள்ளே வைத்தது டைட்டேனியத் திருகாணி. 1950களில் சுவீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியக் கருவியைக் கழற்றப் பார்த்தபோது, அது எலும்போடு ஒன்றிப் போயிருந்ததாம். வைத்தியர் சொன்ன இந்தக் கதைதான் எனக்குத் துணிவு தந்தது. அன்று வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் கல்லடிப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்கு வந்தேன். இரண்டு நாள் கன்னம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்துத் திருகாணியின் மேலே பல் பொருத்தினார்கள். சொந்தப் பல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய நார்கள் இதற்கு இல்லாததால் கடிக்கும்போது உணர்வு சற்று மந்தம்தான். ஆனாலும் வாவி நண்டின் காலை வலப்பக்கத்தால் கடித்தபோது கண் கலங்கிவிட்டது. இந்தப் பல்லுக்குச் சொத்தை வராது, சுற்றியுள்ள முரசுக்கு நோய் வரும். ஆகவே இரவில் சிறு தூரிகையால் அடிப்பகுதியைச் சுத்தம் செய்யாமல் படுப்பதில்லை.

தங்கை, பிடுங்கி எத்தனை மாதமாகிறது, எந்தப் பல் என்று எழுதுங்கள். படம் எடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.