புதுப்பிப்பு: பீட்டன்போல் ஏர் கேம்பரில் கான்டினென்டல் ஏ-65

என் ஏர் கேம்பரில் (வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் இரண்டு இருக்கை விமானம்) கான்டினென்டல் ஏ-65 எஞ்சின் வைத்ததில் வால் கனமாக இருக்கிறது, எஞ்சின் மவுன்ட்டை (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) நீட்டுவதா, இறக்கையைப் பின்னால் தள்ளுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் செய்துவிட்டேன்.

இதை வடிவமைத்த பீட்டன்போல் 1929-இல் இந்த விமானத்தில் வைத்தது ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சின். ரேடியேட்டரும் தண்ணீரும் சேர்ந்து மூக்கில் நல்ல கனம். ஏ-65 காற்றால் குளிர்வது, சுமார் 77 கிலோதான். விமானி உட்காருவதோ பின் இருக்கையில். எடைமையம் (மொத்த எடையும் சமன்படும் புள்ளி) பின்னால் போகாமல் என்ன செய்யும்?

மவுன்ட்டை மட்டும் நீட்டச் சொன்னவர்களே அதிகம். கணக்குப் போட்டேன்: எஞ்சினை 2 அங்குலம் முன்னால் தள்ளினால் எடைமையம் அரை அங்குலம்கூட நகரவில்லை. இறக்கையை 3 அங்குலம் பின்னால் சாய்த்ததும், இறக்கையிலிருந்து பார்த்தால் எடைமையம் இரண்டரை அங்குலம் முன்னால் வந்தது. இறக்கைதான் சரி என்று சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.

மூன்று தராசு வைத்து, வாலைத் தூக்கி மட்டம் பார்த்து, நான் உட்கார்ந்தபடியே எடை போட்டோம். எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து முன்பு 21.5 அங்குலம் பின்னால் இருந்தது, இப்போது 18.6. 20-ஐத் தாண்டிப் பின்னால் போகக்கூடாது.

அப்புறம் ஒன்று. இறக்கை நகர்ந்தால் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் அசையும் பகுதி) கேபிள்களும் பெட்ரோல் குழாயும் பழைய அளவில் பொருந்தாது. குழாயைப் புதிதாகவே போட்டேன். மேல்டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி வருவதால், வழியில் எங்கும் மேடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, வாலைக் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.