போட்ட பணம் வந்த பிறகும் டோல் ஏன்? சென்னை – திருச்சி ரோடு பற்றி ஒரு சந்தேகம்

மலைக்கோட்டைவாசி:
சென்னையிலிருந்து திருச்சிக்கு காரில் வந்தால் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு இடத்தில் பணம் போகிறது. 60 கிமீக்கு ஒன்றுதான் இருக்கணும் என்கிறார்கள், ஆனால் பரனூருக்கும் ஆத்தூருக்கும் நடுவில் அவ்வளவு தூரமே இல்லையே? சில சாவடியில் ஏப்ரலில் ஏற்றுகிறார்கள், சிலதில் செப்டம்பரில், அது எதற்கு? ரோடு போட்ட காசு வசூலானதும் மூடிவிடுவார்கள் என்பது உண்மையா?

தார்ச்சாலை:
ஒரே ரோடு மாதிரி தெரிந்தாலும் துண்டு துண்டாக ஏலம் விட்டு, துண்டுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டுக் கட்டியது இது. தாம்பரம் – திண்டிவனம் ஆன்யுட்டி முறை, அதாவது கட்டின கம்பெனிக்கு அரசு தவணையாகக் கொடுத்துவிடும், டோல் காசு நெடுஞ்சாலை ஆணையத்துக்குப் போகும். திண்டிவனம் – உளுந்தூர்பேட்டை பிஓடி, அதாவது கம்பெனியே கட்டி, நடத்தி, காலம் முடிந்ததும் அரசிடம் ஒப்படைக்கணும், அந்த ஒப்பந்தக் காலத்தில் வசூலும் லாப நஷ்டமும் கம்பெனியோடது. கட்டணம் ஏறும் மாதமும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுவதால்தான் தமிழ்நாட்டில் ஏப்ரல் 1இல் ஒரு பகுதி, செப்டம்பர் 1இல் மீதி.

60 கிமீ விதி 2008இல் வந்த கட்டண விதிகளில் இருக்கிறது. ஆனால் அதிலேயே, காரணத்தை எழுதி வைத்துவிட்டு அதைவிடக் கிட்டத்திலும் சாவடி வைக்கலாம் என்று வாசல் திறந்து விட்டிருக்கிறார்கள், பாலம், புறவழிச்சாலைக்கெல்லாம் தனி விலக்கு வேறு. 2022 மார்ச்சில் நிதின் கட்கரி மக்களவையில், 60 கிமீக்குள் இருக்கும் கூடுதல் சாவடிகளை மூன்று மாதத்தில் மூடுவோம் என்றார். பரனூரும் ஆத்தூரும் அதற்கப்புறமும் ஓடின.

எட்டுவழி:
மூடுவது பற்றிய கேள்விக்கு நேரடி பதில்: மாட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்கணும் என்று முன்பு விதி இருந்தது, 2023 அக்டோபரில் அதைத் திருத்திவிட்டார்கள். பராமரிப்பு, அடுத்த ரோடு என்று காரணம் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கலாம், ஆனால் அப்படியென்றால் இது கடன் வசூல் இல்லை, நிரந்தர வரி என்று முதலிலேயே சொல்லியிருக்கணும்.

வருஷத்துக்கு 3 சதவீதம், அதோடு மொத்த விற்பனை விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம், இப்படித்தான் ஏற்றுகிறார்கள். விலைவாசி அசையாமல் நின்றாலும் டோல் ஏறும்!

ஓஎம்ஆர்_பயணி:
மூடவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. சென்னையில் ஓஎம்ஆர் என்கிற ராஜீவ் காந்தி சாலையில் 2021 ஆகஸ்ட் 30இல் மெட்ரோ வேலைக்காக நான்கு சாவடியை நிறுத்தினார்கள், நாவலூர் மட்டும் மிச்சம், அதையும் 2023 அக்டோபர் 19இல் முதல்வர் அறிவித்து நிறுத்தினார்கள். ஆனால் அது மாநில அரசின் ரோடு, கோட்டையில் முடிவெடுத்தால் போதும். தேசிய நெடுஞ்சாலைக்கு டெல்லியில்தான் கேட்கணும்.

தார்ச்சாலை:
@மலைக்கோட்டைவாசி அடிக்கடி போகிறவர் என்றால் வருடப் பாஸ் எடுங்க. 2025 ஆகஸ்ட் 15லிருந்து இருக்கிறது, சொந்தக் காருக்கு மட்டும், 200 முறை அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருதோ அது. 2025இல் தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். ஒரு சாவடியைத் தாண்டினால் ஒரு முறை, ஆக அந்த விலையில் உங்க ஆறுக்கும் சேர்த்து 90 ரூபாய்தான் ஆனது. ஈசிஆர் மாதிரி மாநில டோலில் செல்லாது, அங்கே வழக்கம்போல பாஸ்டேக்கில் கழியும்.