பிரேக் பேட் மாற்றியும் மீட்டரில் எச்சரிக்கை போகவில்லை (பிஎம்டபிள்யூ 320டி, ஈ90)

சேலம்_320:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2010 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கினது. முன்பக்க பேட் தேய்ந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும் போன வாரம் வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பக்கமும் புதுசு போட்டேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, சத்தமும் இல்லை, ஆனால் விளக்கு அப்படியே எரிகிறது. மெக்கானிக்கிடம் கேட்டால் “நாலு நாள் ஓட்டுங்க சார், தானா போயிடும்” என்கிறார். நானே மீட்டர் பட்டனை அழுத்திப் பார்த்தேன், ரீசெட் என்று கேட்கிற வரை போகிறது, அப்புறம் ஏற்க மாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் குழந்தைகளோடு ஏற்காடு போகணும், அதனால்தான் கவலை.

பழையவண்டி:
பேட் தேய்ந்ததைக் காட்டிக்கொடுக்கிற சென்சாரையும் மாற்றினாரா? அதைக் கேளுங்கள் முதலில். இந்த வண்டியில் சென்சார் இரண்டுதான், முன்னால் இடது சக்கரம், பின்னால் வலது சக்கரம். உள்பக்க பேடில் செருகியிருக்கும், உள்ளே ஒரு கம்பி வளையம் ஓடும். பேட் தேயத் தேய அந்த நுனியும் டிஸ்கில் உரசி, கம்பி அறுந்ததும்தான் எச்சரிக்கை வருகிறது. அறுந்தது அறுந்ததுதான், பழையதையே புது பேடில் மாட்டினால் எத்தனை நாள் ஓட்டினாலும் போகாது. சென்சாரைக் கழற்றி, கம்பி அறுந்திருக்கா என்று மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், பீப் அடிக்கவில்லை என்றால் அதுதான் காரணம்.

கோவை_டீசல்:
அண்ணன் சொன்னதுதான் சரி. புது சென்சாரின் கனெக்டர் சக்கர வளைவுக்குள் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் ‘கிளிக்’ என்று உட்காரணும், எனக்கு ஒரு தடவை அது சரியாக உட்காராமல் அரை நாள் போச்சு. பிறகு பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள், இக்னிஷன் மட்டும் வரணும், இன்ஜின் ஓடக்கூடாது. ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். மீட்டரில் இடது பக்கம் இருக்கிற ட்ரிப் பட்டனை சுமார் 10 விநாடி பிடித்தால் சர்வீஸ் பட்டியல் வரும், விட்டு விட்டு அழுத்தி முன் பிரேக் படத்துக்கு வாருங்கள், அங்கே அழுத்திப் பிடித்தால் ரீசெட் என்று கேட்கும், கையை எடுத்துவிட்டு மறுபடி பிடிக்கணும். இந்த இரண்டாவது பிடியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மலைப்பாதை:
ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பி. சிலர் சென்சாருக்குப் போகிற இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து விளக்கை அணைத்துத் தருவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை பேட் தீரும்போது வண்டி உங்களுக்குச் சொல்லவே சொல்லாது, இரும்பு இரும்போடு உரசும்போதுதான் தெரியும், அது ஏற்காடு இறக்கத்தில் நடக்கக்கூடாது. புது பேட் போட, கேலிப்பர் பிஸ்டனை (பேடை டிஸ்கில் அழுத்துகிற உருளை) பின்னால் தள்ளியிருந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிடுங்கள்.

சேலம்_320:
எல்லோருக்கும் நன்றி. இன்று சக்கரத்தைக் கழற்றினோம், பழைய சென்சார்தான் இருந்தது. நுனி ஒரு பக்கம் சீவிவிட்ட மாதிரி தட்டையாகி, உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிகிறது, மல்டிமீட்டரில் சத்தமே இல்லை. புதுசு போட்டு, கோவை நண்பர் சொன்ன மாதிரி இரண்டாவது முறையும் பிடித்தேன், கடிகாரப் படம் சுற்றி முடிந்ததும் விளக்கு அணைந்தது. பின்பக்கத்துக்கும் ஒரு சென்சார் சேர்த்தே வாங்கி வைத்துவிட்டேன், அந்த பேடும் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது.