நாக்கு ஒட்டு (நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாகவோ இறுக்கமாகவோ இருந்து நாக்கைச் சரியாக அசைய விடாதது) வெட்டியவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

மழைச்சாரல்:
பையனுக்குப் பதினோராம் நாள் வெட்டினோம். பால் குடிக்கும்போது டக் டக் என்று சத்தம் வரும், பிடி நழுவும், தேடித் தேடி அழுவான். எனக்கோ காம்பு வெடித்து ரணம். அழும்போதுதான் பார்த்தேன், நாக்கு நுனி நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவில் இருந்தது. மயக்க மருந்து எதுவும் இல்லை. துணியில் சுற்றி, நாக்கைத் தூக்கி, கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. ஓரிரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அவன் அழுகை சட்டென்று நின்று, ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம்தான் வீறிட்டான். உடனே மார்பில் போட்டதும் குடித்தான். ஆனால் அந்த ஒரு நொடி இன்னும் என் காதில் இருக்கிறது.

தென்றல்_22:
'அவ்வளவுதான்' என்று எழுதாதீர்கள் சகோதரி. படிக்கிறவர்கள் மறுநாளே வெட்டக் கிளம்பிவிடுவார்கள். என் மகளுக்கும் வெட்டினோம், பால் குடிப்பதில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒரு செவிலியர் குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டினார், சரியாகிவிட்டது. வெட்டியதே வீணோ என்று இன்றும் உறுத்துகிறது. நாக்கு ஒட்டியிருக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூடப் பால் குடிப்பதில் சிரமம் இருப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே 2024 அறிக்கையில் சொல்கிறது.

கருவேலம்:
எனக்கு 26 வயதில் செய்தார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வெட்டோடு முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, இசட் வடிவில் வெட்டித் தையல் போட்டார்கள். பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னால் 'தமிழ்' என்ற சொல் வரும் வரிக்கு முன்பே வியர்த்துவிடும். தையல் கரைந்த பிறகு ஒரு நாள் கண்ணாடி முன் நாக்கை நீட்டினேன். மேலுதட்டைத் தொட்டது! அப்படியே அசையாமல் நின்றுவிட்டேன். ஆனால் ழகரம் வெட்டியதால் வரவில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

ஊர்க்குருவி:
நாங்கள் வெட்டவில்லை. மகனுக்கு மூன்று வயது, நன்றாகப் பேசுகிறான். வெட்டப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரத்தம் உறைவதற்காகப் பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத பிரச்சினை இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். மரத்துப்போகும் ஜெல்லைக் கடையில் வாங்கி நீங்களாகத் தடவாதீர்கள். பென்சோகெயின் உள்ளது இரண்டு வயதுக்குக் கீழ் ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டு போவதையே கெடுத்துவிடும். வெட்டிய இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திட்டு தெரிந்தால் சீழ் என்று பதற வேண்டாம், வாய்ப்புண் அப்படித்தான் ஆறும். காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இன்னொன்று, பேச்சு தாமதமாகிறது என்பதற்காக மட்டும் வெட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள்.

மழைச்சாரல்:
தென்றல், அந்தச் செவிலியர் எப்படிப் பிடிக்கச் சொன்னார்? என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம்.