கானரி போட்ட சாம்பல் சூட்: புதுச்சேரி டெய்லரிடம் எப்படிச் சொல்வது?

வில்லியனூர் வாசகன்: தை மாதம் வரவேற்பு. 1964-ல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி போடும் கட்டம் போட்ட சாம்பல் நிற மூணு பீஸ் சூட் மாதிரி தைக்கணும். டெய்லர் "ஸ்லிம் ஃபிட்தானே?" என்கிறார். என்ன பதில் சொல்வது? நம்ம ஊர் புழுக்கத்துக்கு எந்தத் துணி?

ஊசிநூல்: ஸ்லிம் ஃபிட் என்ற பேச்சையே எடுக்காதீங்க. கானரியின் சூட்டைத் தைத்தவர் லண்டன் காண்டூயிட் தெரு ஆண்டனி சின்க்ளேர். தோளில் பஞ்சு குறைவு, மார்பில் தாராளம், இடுப்பில் பிடிப்பு. இந்த மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. மார்பையும் இறுக்கினால் பட்டன் போட்டதும் வயிற்றில் சுருக்கம் இழுக்கும், காலர் கழுத்தை விட்டுத் தூக்கும்.

பேன்ட்டில் பெல்ட் லூப் கிடையாது. இடுப்பின் இரண்டு பக்கமும் பட்டன் வைத்த சின்னப் பட்டிதான். வெட்டுறதுக்கு முன்னாலேயே சொல்லிடுங்க. பேன்ட் தொப்புள் உயரத்தில் நிற்கணும். இறங்கினால் வெஸ்ட்கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சட்டை எட்டிப் பார்க்கும்.

துணிக்கடை மாடி: மீட்டருக்கு 240–260 கிராம் எடையுள்ள சாதா நெசவு ஊல் எடுங்க. பாலியஸ்டர் கலந்தால் வியர்வை உள்ளேயே நிற்கும். 150 செ.மீ. அகலத்தில் மூணு பீஸுக்கு 3.75 மீட்டர், கட்டம் பொருத்த இன்னும் அரை மீட்டர். முதுகில் பாதி லைனிங் போதும். முன்பக்கத்துக்கு உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸைத் தைத்து வைக்கச் சொல்லிக் கேளுங்க. பசை போட்டு ஒட்டினால் வியர்வையிலும் இஸ்திரி ஆவியிலும் பசை விட்டு, துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

கடலூர் ப்ரொஜெக்டர்: கானரி எடின்பரோ தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. முதல் பாண்ட் படத்தின் இயக்குநர் டெரன்ஸ் யங் தன்னுடைய டெய்லர் சின்க்ளேரிடமே அவரை அனுப்பினார். சட்டை டர்ன்புல் அண்ட் ஆஸர் கடையில் தைத்தது. நாம் பிரிட்டிஷ் களை என்று ரசிப்பது அப்படி அளவெடுத்து உண்டாக்கியது, அதனால்தான் அளவு தப்பினால் எல்லாம் போச்சு. 1995 முதல் பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னன் போட்டது இத்தாலியின் பிரியோனி கம்பெனி சூட். அந்தப் படங்களை டெய்லரிடம் காட்டினால் தோள் பெருத்துவிடும். டை கருநீலம், முடிச்சு சின்னது. வெள்ளைக் கைக்குட்டை நேர்கோடாக அரை அங்குலம் தெரிந்தால் போதும்.

வில்லியனூர் வாசகன்: டிரையலில் எதைப் பார்க்கணும்?

ஊசிநூல்: தற்காலிகமாகப் போட்ட நூலோட்டத்தில் இருக்கும்போதே போட்டுப் பாருங்க. கையைத் தொங்கவிட்டு நில்லுங்க. தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்கணும், பாக்கெட் மூடியின் கட்டம் கோட்டின் கட்டத்தோடு ஓடணும். காஜா போட்ட பிறகு இதையெல்லாம் மாற்ற முடியாது.